கத்திரி கொளுத்தினால் ஐப்பசி கொட்டுமா?

கொறங்காட்டான் (காங்கேயம்):

வணக்கமுங்க. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் எங்களுக்கு ஆறு ஏக்கர். நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம். மாடு இரண்டும் செம்மறி முப்பதும் அதில்தான் மேயும். மீதி இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம்.

இந்தக் கோடை எங்களை வறுத்து எடுத்துவிட்டது. கத்திரியில் காலை பத்து மணிக்கே ஆடுகள் மேய்ச்சலை விட்டு வெள்ளவேல மரத்தடியில் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு நின்றன. மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. கோடை மழை என்று பார்த்தால் ஒரே ஒரு நாள், அதுவும் தூசியை அடக்குகிற அளவுக்கு.

இப்போது ஆவணி கடைசி. வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையில் சின்ன வெங்காயம் விதைக்காய் தொள்ளாயிரம் கிலோ இருக்கிறது. ஒன்றரை ஏக்கருக்கு என்று எடுத்து வைத்தது. புரட்டாசியில் ஊன்றலாமா வேண்டாமா என்பதுதான் வீட்டில் சண்டை. எங்கள் ஆத்தாவுக்கு எண்பத்து நாலு வயது. "இந்தக் காச்சல் காஞ்சா ஐப்பசி பொத்துக்கிட்டு ஊத்தும் சாமி, வெங்காயம் வெக்காதே" என்று ஒரே பிடியாக நிற்கிறது. மாமனாரும் அதே பாட்டு.

போன வருடம் எனக்கு விழுந்த அடி அப்படி. காய் பிடிக்கிற நேரத்தில் தொடர்ந்து ஐந்து நாள் மழை. ஆறாவது நாள் காட்டுக்குள் போனால் தாளெல்லாம் முறுக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். காய் உருளாமல், கழுத்து மட்டும் நீண்டு வளைந்து வந்தது. திருகல் நோய். விதைக்காய்க்குப் போட்ட காசு கூடத் திரும்பவில்லை.

அதனால் கேட்கிறேன். கோடை வெயிலுக்கும் அடுத்து வருகிற ஐப்பசி மழைக்கும், மார்கழி குளிருக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா? பெரியவர்கள் சொல்வது அனுபவமா, இல்லை சும்மா சொல்லிவைத்ததா?

மஞ்சள்காரன் (ஈரோடு):

ஆத்தா பேச்சைக் கேளுங்கண்ணா. 2024 ஞாபகம் இருக்கா? ஏப்ரலிலேயே ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது, தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை எப்படிப் பெய்தது? ஃபெஞ்சல் புயல் வந்து ஊத்தங்கரையையே முழுக்காட்டியது. காய்ந்தால் பெய்யும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பழைய பூகோள வாத்தியார் (பொள்ளாச்சி):

ஈரோட்டுத் தம்பி சொன்ன 2024 கணக்கு உண்மைதான். வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது சுமார் 44 செ.மீ.; அந்த வருடம் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் தம்பி, 2016-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்?

அந்த ஏப்ரலும் கொளுத்திய ஏப்ரல்தான். இங்கே பெரியவர்கள் எல்லோரும் "இந்த வருசம் அடைமழை" என்றார்கள். என்ன நடந்தது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலம் முழுவதற்கும் கிடைத்தது 17 செ.மீ. கூட இல்லை. 140 வருடங்களில் அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் இல்லை என்றார்கள். டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது நாங்கள் இங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தோம். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. எங்கள் தோப்பில் முப்பது வருடத்துத் தென்னை மட்டை தொங்கி, குருத்து காய்ந்து, கடைசியில் மொட்டைக் கம்பமாக நின்றது. அப்புறம் 2021. கத்திரி நடுவிலேயே மழை பெய்து வெயிலை அடக்கிய வருடம். ஆத்தா கணக்குப்படி அந்த ஐப்பசி காய்ந்திருக்க வேண்டும். பெய்தது வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. காற்றுக்கு ஞாபகசக்தி குறைவு. இன்றைய வானிலையை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்வாரியாகச் சொல்ல முடியாது என்பது வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லொரென்ஸ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அதிலும் நம் ஊருக்கு என்று ஒரு விளக்குமாறு இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அது வழியாக வருகிற காற்று உடுமலை காற்றாலைகளை எல்லாம் சுற்றவிட்டு, வைகாசிச் சூட்டைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போய்விடும். ஐப்பசிக்கு அதில் என்ன மிச்சம் இருக்கும்?

ஆத்தா சொல்வதில் ஒரு பாதி சரி. மதியம் கொளுத்தினால் சாயங்காலம் இடி இடித்துப் பெய்யும். காற்றில் ஈரம் இருந்தால் கோடை மழை அப்படித்தான் வரும். கண் முன்னால் பார்த்த அந்தக் கணக்கை ஐந்து மாதத்துக்கு இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, நம் பக்கம் கத்திரி கடுமையாக இருந்தது என்றால் பெரும்பாலும் கோடை மழை ஏமாற்றிவிட்டது என்றுதான் அர்த்தம். அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது, வரப்போவதை அல்ல.

மாதக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது கடல். பசிபிக் கடல் சூடேறினால் எல் நினோ. தென்மேற்குப் பருவத்துக்கு அது ஆகாது. வடகிழக்குக்குப் பெரும்பாலும் சாதகம். 2015-இல் சென்னை மூழ்கியது எல் நினோ வருடம். அதற்கு நேர் எதிராகப் பசிபிக் குளிர்ந்தால் லா நினா, வடகிழக்குக்குப் பெரும்பாலும் பாதகம். ஆனால் நான் மேலே சொன்ன 2021 லா நினா வருடமேதான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடா கிழக்குப் பக்கம் சூடா என்பதும் சேர்ந்து வேலை செய்கிறது. 2016-இல் அது நமக்கு எதிராக இருந்தது. ஆகக் கடலைப் பார்த்தாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் தெரியும். எந்த வாரம் ஐந்து நாள் அடைமழை என்பது தெரியாது. உங்கள் வெங்காயத்துக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதானே.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவம் தொடங்கும் முன் மாவட்டவாரியாகக் கணிப்பு வெளியிடும். கடல் மேற்பரப்பு வெப்பம், பசிபிக்கின் இரண்டு பக்கக் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டுகிற தென்மண்டல அலைவுக் குறியீடு இரண்டையும் வைத்துப் பார்க்கிறார்கள். காங்கேயத்து வெயிலைக் கேட்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆத்தாவிடம் கர்ப்போட்டம் பற்றிக் கேளுங்கள். மார்கழியில் மேகம் கருக்கொண்டால் 195 நாள் கழித்து மழையாகப் பிறக்கும் என்பது பழங்கால வானியல், சோதிட அறிஞர் வராகமிகிரர் காலத்துக் கணக்கு. எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் பழைய ஆட்கள் குளிர்காலத்து வானத்தை வைத்து அடுத்த மழையைச் சொன்னார்கள். நீங்கள் கேட்பது அதைத் தலைகீழாக.

பல்லடம் கோழிப்பண்ணை:

குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 33, 34 டிகிரி சூடு வேண்டும். மார்கழி, தையில் கொட்டகைக்குள் அதை வைக்கிறதுக்குள் கரிச் செலவு கண்ணைக் கட்டும். அதனால் ராத்திரிக் குளிர் எனக்குப் பழக்கம்.

நான் பார்த்தவரை குளிரை முடிவு செய்வது அன்றைய ராத்திரி வானம்தான். மேகம் இருந்தால் பூமிக்கு மூடாக்குப் போட்ட மாதிரி, சூடு வெளியே போகாது. வானம் வெறிச்சென்று, காற்றும் இல்லாமல், தரையும் காய்ந்து கிடந்தால் விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு வெடவெடக்கும். மழை ஏமாற்றிய வருடங்களில் எனக்குக் கரி அதிகம் செலவானது இதனால்தான். கத்திரி எப்படி இருந்தது என்று பார்த்து நான் கரி வாங்கினதே இல்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்பார்கள். எந்தக் கத்திரிக்குப் பின்னால் வந்தாலும் துளைக்கத்தான் செய்கிறது. படுதாவை மட்டும் முன்னாலேயே தைத்து வைத்துக்கொள்வேன்.

மஞ்சள்காரன் (ஈரோடு):

வாத்தியாரய்யா, 2016 நெஜமாவே மறந்துவிட்டேனுங்க. அந்த வருடம் நாங்கள் மஞ்சளே வைக்கவில்லை, அதனாலோ என்னவோ.

கொறங்காட்டான் (காங்கேயம்):

எல்லாருக்கும் நன்றிங்க. வாத்தியாரய்யா எழுதினதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வருசம் செவலை மாட்டை வித்தது ஞாபகம் இருக்குது. அதுக்கு முன்னாடி வெயில் எப்படின்னு ஞாபகம் இல்லையே" என்றது.

வீட்டில் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். வாய்க்காலுக்குப் பக்கத்து மேட்டில் அரை ஏக்கர் மட்டும் வெங்காயம், பாத்தியை உயர்த்திக் கட்டி, தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் வடிகால். ஒரு ஏக்கருக்குத் தீவனச் சோளம். பெய்தாலும் வரும், பெய்யாவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் தட்டாவது கிடைக்கும், மாட்டுக்கு ஆகும். பல்கலைக்கழகக் கணிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

நாளைக்குப் பட்டறை பிரிக்க ஆள் வருகிறது. விதைக்காய் அறுநூறு கிலோ மிஞ்சும், முளை விட ஆரம்பித்திருக்கிறது. தாராபுரம், குண்டடம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்க.