பிச்சாவரம் கயாக்: நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா?

மாங்கூழ் கணக்கு (கிருஷ்ணகிரி):

வணக்கம். இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மா சீசனில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது என்பதால், வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் எங்கள் வீட்டில். இந்த முறை சிதம்பரம் பக்கத்துச் சதுப்புக் காடான பிச்சாவரம்தான் என்று பையன் பிடிவாதம். எட்டாவது படிக்கிறான். படகில் சும்மா உட்கார்ந்து சுற்றுவது வேண்டாமாம், தானே துடுப்பு போடும் கயாக்தான் வேண்டுமாம். கூடத்தில் தலையணையைப் போட்டு உட்கார்ந்து ஒட்டடைக் கம்பால் துடுப்பு வலித்துக்கொண்டிருக்கிறான். டியூப்லைட் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

என் கவலை, எங்கள் மூன்று பேருக்குமே நீச்சல் தெரியாது. கே.ஆர்.பி. அணையைப் பார்த்தே வளர்ந்தவள் நான், ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. "பக்கத்தில் ஒகேனக்கல்லை வைத்துக்கொண்டு, சுமார் 250 கிலோமீட்டர் போய் சேற்றில் படகு விடணுமா?" என்பது வீட்டுக்காரர் கட்சி. மாமியாருக்கோ முதலை பயம். தீபாவளி லீவில் போகலாமா, பொங்கலுக்குத் தள்ளலாமா? போனவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

அரூர் வாசி:

கயாக் எதுக்குங்க? படகுத்துறையில் துடுப்புப் படகு இருக்கு. படகுக்காரர் வலிக்க, நாம் வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டே காட்டைப் பார்க்கலாம். நான் ரெண்டு தடவை அப்படித்தான் போனேன், ஒரு குறையும் இல்லை.

பென்னாகரத்தான்:

அரூர்க்காரர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒட்டடைக் கம்பு வரை போன பையனை வேர்க்கடலை கொடுத்து உட்கார வைக்க முடியாது.

தங்கச்சி, எங்கள் குடும்பம் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டின குடும்பம். தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும். நான் சேலத்தில் வேலைக்குப் போய்விட்டேன், இருந்தாலும் பத்து வயசிலேயே பரிசல் வலித்தவன். அந்தத் திமிரோடுதான் பிச்சாவரம் போனேன். மச்சானும் நானும் ஒரே கயாக். "நமக்கு எதுக்குய்யா பாடம்?" என்று வழிகாட்டிப் பையன் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை.

பரிசல் வட்டம். அது பாட்டுக்குச் சுற்றும், நாம் முன்பக்கம் தண்ணீரைத் தன்னிடம் இழுத்து அதைப் போக வைக்கிறோம். கயாக் ஊசி மாதிரி. ஒரு பக்கம் கொஞ்சம் பலமாக வலித்தால் மூக்கு மறுபக்கம் திரும்பிவிடும். முன்னால் இருப்பவர் தாளம் போட, பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்கு வலித்து வண்டியைத் திருப்ப வேண்டும். எங்கள் இரண்டு பேர் துடுப்பும் டக் டக்கென்று இடித்துக்கொண்டதைக் கேட்டு, வேரில் உட்கார்ந்திருந்த கொக்கு எழுந்து போய்விட்டது. அரை மணி நேரத்தில் மச்சானும் நானும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம்.

அது பரவாயில்லை. உண்மையான கூத்து அப்புறம். எங்களைக் கூட்டிப்போன குழு (பெயர் வேண்டாம்) இறக்கிவிட்டதே மதியம் இரண்டு மணிக்கு மேல். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கு அது தெரியாது, வழிகாட்டி போனில் இருந்தார். ஒரு சந்து வாய்க்காலுக்குள் நுழைந்தோம், இரண்டு பக்கமும் கிளை கவிந்து சுரங்கம் மாதிரி அழகான இடம். திரும்பலாம் என்று பார்த்தால் அடியில் தண்ணீர் இல்லை. கயாக் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? காவிரிக்காரன் புத்தி. காலை ஊன்றித் தள்ளிவிடலாம் என்று இறங்கினேன். நம் ஆற்றில் காலை வைத்தால் பாறை தட்டும். இங்கே ஒன்றுமே தட்டவில்லை. முழங்கால் போச்சு, தொடை போச்சு. ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இன்னும் ஆழம் போகிறது. பிடிமானத்துக்கு ஒரு வேரைப் பிடித்தேன், வேர் முழுக்க சிப்பி ஒட்டியிருக்கிறது, உள்ளங்கை பிளேடு போட்ட மாதிரி கிழிந்தது. மச்சான் சிரிக்கிறான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே இருக்கும் இருளர் மக்கள் வலையில்லாமல் வெறும் கையாலேயே பிடிப்பார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "நிக்காதீங்க, படுங்க. காலை மேல இழுக்காதீங்க, பின்னால விடுங்க" என்றார். கயாக் மேல் மாரைச் சாய்த்துப் படுத்து, நீந்துவதுபோல காலைப் பின்னால் தள்ளினேன். வந்துவிட்டது. இடது கால் செருப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் மறுபடி போனேன். இந்த முறை உள்ளூர் ஆள், காலை ஏழு மணி, தண்ணீர் ஏறும் நேரம். அதே காடுதானா என்று இருந்தது. காற்றே இல்லை. அவர் ஒரு வெண்கண்டல் இலையைக் காட்டி, அடிப்பக்கம் நக்கிப் பாருங்கள் என்றார். உப்பு! வேர் வழியாக ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுமாம். சுரபுன்னையில் முருங்கைக்காய் கணக்காகப் பச்சையாகத் தொங்குவதைக் காய் என்றுதான் நினைத்திருந்தேன். விதை மரத்திலேயே முளைத்து அப்படி நீண்டு தொங்குகிறது. விழும்போது சேற்றில் குத்திட்டு நின்றால் அங்கேயே மரம், இல்லையென்றால் மிதந்துபோய் வேறு இடத்தில் ஒதுங்கும். சேற்றில் தத்தித் தாவுகிற மீனையும், ஒரு கை மட்டும் பெருத்த குட்டி நண்டுகளையும் உங்கள் பையன் பார்த்தால் கிளம்பவே மாட்டான்.

ஆக, நீச்சல் தெரியாதது பெரிய தடை இல்லை. பல வாய்க்காலில் இடுப்பளவுதான் தண்ணீர். லைஃப் ஜாக்கெட் மட்டும் பையன் எடைக்குச் சரியாக இருக்க வேண்டும். கொக்கியெல்லாம் மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியவர் சைஸ், மாற்றச் சொல்லுங்கள். உள்ளே உட்காரும் வகை வேண்டாம், மேலே உட்காரும் வகை கேளுங்கள். கவிழ்ந்தாலும் உடம்பு மாட்டாது, திரும்ப ஏறிக்கொள்ளலாம். தலைக்கு நேரே கிளை வந்தால் கையால் பிடிக்கவே கூடாது. கயாக் போய்விடும், நாம் கிளையில் தொங்குவோம். முன்னால் குனிந்துகொண்டால் போதும்.

முன்பதிவு செய்யும்போது விலைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்?" யோசிக்காமல் பதில் சொல்கிறவரோடு போங்கள். "எப்ப வேணா வாங்க சார்" என்கிறவர் வேண்டாம்.

கிள்ளைக்காரன், இப்போது ஓசூர்:

பென்னாகரத்து அண்ணன் செருப்புக்கு என் அனுதாபம். காட்டை ஒட்டின கிள்ளைதான் எனக்குச் சொந்த ஊர், பிழைப்பு ஓசூர் சிப்காட்டில்.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். நேரம் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிக்கொண்டே போகும். அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். ஏறும்போது உள்ளே போனால் தரை தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும்.

தீபாவளி வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் புயலும்தான். பொங்கல் விடுமுறை நாள்களில் கூட்டம் நெரியும், அது முடிந்து அடுத்த வாரம் வாருங்கள். வெளியூர்ப் பறவைகளும் அப்போது இருக்கும். காலையிலேயே இறங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் கடல்காற்று எதிர்த்து அடிக்கும், கை ஓய்ந்துவிடும்.

முதலை பற்றி. பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அவை நன்னீர் முதலைகள், உங்கள் ஒகேனக்கல் பண்ணையில் இருக்கிற அதே சாதி. சதுப்புக் காட்டு வாய்க்காலுக்குள் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்தமான் கதை வேறு, அங்கே இருப்பது உப்புநீர் முதலை. அங்கே போகிறவர்கள் உள்ளூர் ஆள் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

முதலையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான், நடராஜர் கோயில் தல விருட்சம். கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். கண்ணில் பட்டால் பார்வையே தற்காலிகமாகப் போகலாம், தோலில் பட்டால் கொப்புளம். பையனிடம் எந்தக் கிளையையும் ஒடிக்காதே என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, வலை கட்டியிருக்கும் இடத்திலும், ஆட்கள் தடவிப் பிடிக்கும் இடத்திலும் துடுப்பை நிறுத்தி ஒதுங்கிப் போக வேண்டும். அது அவர்களுடைய அன்றைய கூலி. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பிழைத்ததை எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்தக் காடே ஒரு காலத்தில் பாதி மொட்டையாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி கூறுகூறாக வெட்டினார்கள். வெட்டின இடம் பள்ளமாகி, வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தேங்கி, வெயிலில் உப்பு ஏறி, ஒன்றுமே முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டின பிறகுதான் தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்தது, கன்றும் பிடித்தது. நடுவில் ஒரு நேர் வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால். வழிகாட்டியிடம் கேளுங்கள், காட்டுவார். 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் ஒகேனக்கல் தண்ணீர் திருச்சி பக்கத்து முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி எங்கள் காட்டின் தெற்குப் பக்கம்தான் கடலில் சேர்கிறது. அங்கே நீர்வரத்து கூடி பரிசலுக்குத் தடை என்று செய்தி வந்தால், எங்கள் வீட்டில் அம்மா "நல்ல தண்ணி வருது" என்பார். உப்பு குறைந்தால் காட்டுக்கும் நல்லது.

மாங்கூழ் கணக்கு (கிருஷ்ணகிரி):

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. கடைசிப் பத்தியை வீட்டுக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம தண்ணிதானே, இங்கேயே பார்த்தா என்ன?" என்றார். இருந்தாலும் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் வழி என்று காகிதத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார், அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று பேர் என்பதால் இருவர் கயாக் ஒன்று, ஒருவர் கயாக் ஒன்று. பையன் யாரோடு உட்கார வேண்டும்? செருப்பு எது?

பென்னாகரத்தான்:

பையன் முன்னால், அவன் அப்பா பின்னால். தாளம் பையன் போடட்டும், திருப்புவது பெரியவர் வேலை. நீங்கள் தனிக் கயாக்கில் வழிகாட்டி பக்கத்திலேயே போங்கள். தனியாக வேண்டாம் என்று தோன்றினால், வழிகாட்டியோடு இருவர் கயாக்கில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

குதிகாலில் வார் உள்ள பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், அனுபவஸ்தன் சொல்கிறேன். முழுக்கை சட்டை, தொப்பி, கயிறு கட்டின குடிதண்ணீர் பாட்டில். போனை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், இல்லையென்றால் கரையிலேயே விடுங்கள். எல்லா நாளும் கயாக் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், முதல் நாளே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அரூர்க்காரர் வேர்க்கடலை இருக்கவே இருக்கிறது.

அரூர் வாசி:

சொன்னேன்ல.

மாங்கூழ் கணக்கு (கிருஷ்ணகிரி), பிப்ரவரி:

போய் வந்தோம். ஆளிடம் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டேன், "ஞாயிறு ஆறரைக்கு ஏற ஆரம்பிக்கும், ஏழுக்கு இறங்கிடலாம்க்கா" என்று பட்டென்று சொன்னார். நான் வழிகாட்டியோடு ஒரே கயாக்கில்தான் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் துடுப்பை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தேன், அப்புறம் சந்து வாய்க்காலுக்குள் நுழைந்ததும் நிழலும் அமைதியும் வந்து கை தானாக இறங்கிவிட்டது. துடுப்பிலிருந்து சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

பையன் ஒவ்வொரு இலையாக நக்கிப் பார்த்தான். எது தில்லை என்று காட்டியபிறகுதான் நிறுத்தினான். வீட்டுக்காரர் இரண்டு முறை கிளையில் மாட்டினார், இரண்டு முறையும் பையன் மேல் பழி போட்டார். திரும்பும் வழியில் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம்.

பென்னாகரத்து அண்ணா, ஒரு வேர் இடுக்கில் நீல வார் வைத்த ஒற்றைச் செருப்பு கிடந்தது. வலது கால். உங்களுடையது இல்லை.