சாதாரண தரப் பரீட்சை முன்பைவிட இலகுவாகிவிட்டதா?

உவர்மலையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்:

என் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடங்களில் ஏ தரமும் ஒன்றில் பீ தரமும் பெற்றிருக்கிறாள். நான் இதே திருகோணமலையில் 1993ஆம் ஆண்டு அப்பரீட்சையை எழுதியபோது, இன்றைய ஏ தரத்துக்கு நிகரான டீ எனக்கு இரண்டு பாடங்களில்தான் கிடைத்தது. பெறுபேறு வெளியான அன்று வீட்டுக்கு வந்த என் அண்ணன், "இப்போது ஏ எடுக்காத பிள்ளை யார்? எங்கள் காலத்துத் தாளைக் கொடுத்தால் தெரியும்" என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு அந்தப் பெறுபேற்றைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அண்ணன் சொன்னது உண்மையா என்று அறிய விரும்பி, பழைய கணித வினாத்தாள் ஒன்றைத் தேடியெடுத்து அவளுடைய தாளுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். பழைய தாளில் கேத்திரகணித வினா "நிறுவுக" என்று ஒரே வரியில் முடிகிறது. புதிய தாளிலோ பங்கு முதலீடு, வங்கி வட்டி என நீண்ட வாசிப்புடன் வினாக்கள் இருக்கின்றன. எது கடினம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கற்பிப்பவர்களும் அண்மையில் எழுதியவர்களும் தங்கள் கருத்தைக் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூதூரிலிருந்து ஒரு கணித ஆசிரியை:

ஐயா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நான் பல ஆண்டுகளாகப் பதினோராம் தரத்துக்குக் கணிதம் கற்பிக்கிறேன். விடைத்தாள் திருத்தும் பணிக்கும் சென்றிருக்கிறேன். சாதாரண தரத்தில் ஏ தரத்துக்கு 75 புள்ளி, சித்திக்கு 35 புள்ளி என்று எல்லை நிலையாக இருப்பதால், ஓர் ஆண்டின் தாள் சற்று இலகுவாக அமைந்தால் அது பெறுபேற்றில் நேரடியாகத் தெரியும். ஆகவே ஏ தரங்களை மட்டும் எண்ணிக்கொண்டு பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்றோ, தாள் இலகுவாகிவிட்டது என்றோ முடிவுக்கு வர இயலாது.

நான் கண்ட பெரிய மாற்றம் தாளில் அல்ல, ஆயத்தத்தில் நிகழ்ந்திருக்கிறது. உங்கள் காலத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்று கிடைத்தால் அதைக் கையால் பிரதிபண்ணி நான்கு பேர் பகிர்ந்துகொண்டிருப்பீர்கள். இன்று பதினைந்து ஆண்டுகளின் தாள்கள் புள்ளித்திட்டத்துடன் கைபேசியிலேயே கிடைக்கின்றன. எந்த அலகிலிருந்து எந்த இலக்கத்தில் வினா வரும், எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. திண்மக் கூம்பை உருக்கிக் கோளம் செய்து, மடக்கை அட்டவணையைக் கொண்டு ஆரையைக் காணும் கணக்கை என் வகுப்பில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அதே கோளத்தை நீர் நிரம்பிய தொட்டிக்குள் இட்டால் எவ்வளவு நீர் வழியும் என்று கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும். சூத்திரம் ஒன்றுதான், முகம் மட்டுமே மாறியிருக்கிறது. இதைப் பிள்ளைகளின் குறையாக நான் கருதவில்லை. அவர்கள் கேட்கப்படும் என்று நாங்கள் சொன்னதைத்தான் படிக்கிறார்கள்.

வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற இடங்களில் கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுவதையும் கடத்தும் பிள்ளைக்கு, பயிற்சி பெற்ற பிள்ளைக்கு இலகுவான அதே தாள் இன்றும் கடினமானதே.

கிண்ணியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்:

உயர்தரத்தைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். அங்கே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இஸட் புள்ளி. பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு பெறப்பட்டவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். தாள் எல்லோருக்கும் இலகுவாக இருந்தால் சராசரியும் சேர்ந்தே உயரும். அதனால் எவருக்கும் தனி நன்மை கிடைக்காது. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை அவ்வாறு பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. எனவே நாங்கள் போட்டியிட்டது எங்களோடு எழுதியவர்களுடனேயே, எங்கள் தந்தையருடன் அல்ல.

என் மூத்த நானா, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்து நகரத்து வகுப்புகளுக்குச் சென்றவர். அந்தச் சிரமம் உண்மையானது, ஆனால் அது வினாத்தாளில் இருந்ததன்று.

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர்:

இவ்விரு பதில்களோடும் நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும் "ஒப்பிட இயலாது" என்று விட்டுவிடுவதில் எனக்குத் திருப்தியில்லை. 1970களின் நடுப்பகுதியில் சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை நடத்தப்பட்டு, சில ஆண்டுகளில் பழைய பெயர் மீண்டும் வந்தது. 2000ஆம் ஆண்டு உயர்தரம் நான்கு பாடங்களிலிருந்து மூன்றாகக் குறைந்தது. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலாகவும், தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதமாகவும் ஆயின. பெயர் ஒன்றாயினும் நாம் ஒப்பிடுவது வேறு வேறு பரீட்சைகளையே.

இதே கேள்வி இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டது. அங்கே 1963 முதல் 1987 வரை உயர்தரத்தில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கே ஏ தரம் என்ற வழிகாட்டல் இருந்தது. அது நீக்கப்பட்டபின், 2010 அளவில் ஏ தரமும் அதற்கு மேலும் பெற்றவை 27 வீதமாயின. கற்பித்தல் மேம்பட்டதா, தரம் தளர்ந்ததா என்பதைப் பெறுபேறுகளைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாமையால், 2017 முதல் ஆங்கிலத்திலும் கணிதத்திலும், நம் சாதாரண தரத்துக்கு நிகரான ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை எழுதவிருக்கும் ஒரு மாதிரித் தொகுதி மாணவர்களுக்கு, பெருமளவு மாறாத வினாக்களைக் கொண்ட பரீட்சையொன்றை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். அவ்வினாக்கள் வெளியிடப்படுவதில்லை; ஆகையால் எந்த வகுப்பிலும் அவற்றுக்குப் பயிற்சி அளிக்க முடியாது. நம் சாதாரண தரத்துக்கும் இத்தகைய அளவுகோல் ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, உங்கள் அண்ணன் கூறியதை எவராலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நிரூபிக்க முடியாத ஒன்றைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

உவர்மலைத் தந்தை:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை கூறியதை வாசித்தபின் மகளே அந்தப் பழைய தாளைக் கேட்டு வாங்கி, மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்தாள். அட்சரகணிதத்தைத் தடையின்றி முடித்தாள். கேத்திரகணித நிறுவல்கள் இரண்டில் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு, அதைச் செய்யும் முறையை என்னிடம் கேட்டாள். எனக்கும் நினைவில்லை. இருவரும் இரவு பத்து மணிவரை இருந்து கண்டுபிடித்தோம். அவளுடைய தாளிலிருந்த பங்கு முதலீட்டுக் கணக்கை நான் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமை வரும்போது விடையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.