'லம்ப் ஆஃப் லேபர்': 'அளந்தவேலை' என்னும் சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வேலையின் மொத்த அளவு மாறாது என்று எண்ணும் தவறைக் குறிக்கும் 'லம்ப் ஆஃப் லேபர் ஃபாலசி' என்னும் பொருளியல் தொடருக்குத் தமிழில் நம் கலைச்சொல் குழுவில் இதுவரை உழைப்புக்கட்டிப் பிழை, நிலைவேலைப் பிழை, வேலைப்போலி ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்.

'லம்ப் ஆஃப் லேபர்' என்பதை 1891இல் எழுத்தில் வைத்தவர் இங்கிலாந்தின் பொருளியல் எழுத்தாளர் டேவிட் ஷ்லாஸ். செய்ய வேண்டிய வேலையின் மொத்த அளவு முன்கூட்டியே முடிவாகிவிட்டது, அதில் ஒருவர் கூடுதலாகச் செய்தால் இன்னொருவருக்கு அவ்வளவு குறைந்துவிடும் என்று தொழிலாளரிடையே நிலவிய நம்பிக்கையை அவர் இப்படிக் குறித்தார். இங்கே 'லேபர்' என்பது உழைப்பவரைக் குறிக்கவில்லை. செய்யப்பட வேண்டிய வேலையைக் குறிக்கிறது. ஆகவே 'உழைப்பு' என்று தொடங்கும் சொல் முதலடியிலேயே வழி தவறுகிறது. 'கட்டி' என்றாலோ மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. 'நிலைவேலை' இன்னும் சிக்கல். நிலையான வேலை என்று நாம் சொல்வது மாதச் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் உள்ள வேலையை. அதைத் தேடுவது பிழை என்று எந்தத் தகப்பனார் ஒப்புவார்? 'போலி' மீது எனக்கே ஆசை உண்டு. மணிமேகலையின் அளவைப் பகுதியில் பக்கப்போலி, ஏதுப்போலி என்று வருவதால் தருக்கக் குற்றத்துக்கு அது நம் பழஞ்சொல். ஆனால் வெளிநாட்டு வேலை மோசடிச் செய்திகளில் 'போலி வேலை' ஓயாமல் அடிபடும் இக்காலத்தில், வேலைப்போலி என்றால் படிப்பவர் மனம் ஏமாற்றுத் தரகரிடம்தான் போகும்.

என் முன்மொழிவு: அளந்தவேலை மயக்கம். அரிசியை அளந்து உலையில் போட்டபின் விருந்தாளி வந்தால் ஆளுக்கு ஒரு கவளம் குறையும் என்ற கணக்கு அந்த வேளைக்குச் சரி. புதிதாக ஓர் ஊருக்கு வேலைக்கு வருபவரோ உண்பதோடு அரிசியும் கொண்டுவருகிறார். அவர் வாடகை கொடுக்கிறார், காய்கறி வாங்குகிறார், செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிறார். அவர் கை சேர்வதால் மற்றவர் வேலையும் நகர்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இதைத் தலைகீழாகப் பார்த்தேன். ஹோலிக்கு ஊருக்குப் போன ஒடிசா, பீகார் இளைஞர்கள் வரத் தாமதமானதால் அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் ஆளில்லை. செக்கிங் மேசையில் பீஸ்கள் கூரை முட்டக் குவிந்தன. மூன்றாம் நாள் ஓவர்லாக், பவர் டேபிள் என்னும் தையல் மெஷின்களின் வரிசையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்கேற்ற கூலியில்) தைத்த உள்ளூர்ப் பெண்களுக்கு அந்த வாரக் கூலி பாதியானது. விட்டுப்போனவர்களின் வேலை இவர்களுக்கு வந்து சேரவில்லை. இவர்களுடைய வேலையும் சேர்ந்து போயிற்று.

இதற்குப் பெரிய அளவிலான சான்று அமெரிக்காவில் உண்டு. மெக்சிகோ நாட்டவரைப் பருவ வேலைக்கு அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1942இல் தொடங்கி 1964 இறுதியில் முடிக்கப்பட்டது. உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளரின் கூலி உயரும் என்பதே முடித்தவர்கள் சொன்ன நியாயம். பிற்காலத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் மைக்கேல் கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகியோர் மாநிலவாரியாகப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது அப்படி உயர்ந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. இயந்திரம் இல்லாத சில பயிர்களின் சாகுபடியே சுருங்கியது. அளந்து வைத்த வேலை என்று ஒன்று இருந்திருந்தால் அது வயலில் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும் அல்லவா?

'மயக்கம்' இலக்கணத்தாருக்கு அயலான சொல்லன்று. உருபு மயக்கம், திணை மயக்கம் என்கிறோம். ஒன்று இன்னொன்றின் இடத்தில் வந்து நிற்பதே மயக்கம். இங்கேயும் இன்றைய வேலையின் அளவு என்றைக்குமான அளவின் இடத்தில் வந்து நிற்கிறது.

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் படிப்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 'அளந்தவேலை' எனக்குப் பிடித்திருக்கிறது. 'உழைப்புச் சந்தை' என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் 'ஊழியச் சந்தை' என்கிறோம்; 'வேலை' இரு கரைக்கும் பொது. ஆனால் 'மயக்கம்' என்றால் என் வகுப்பில் யாராவது தண்ணீர் தெளிக்க எழும்புவார்கள். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றுண்டு. 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் ஃப்ளோரிடாவுக்கு வந்தார்கள். மயாமியின் ஊழியப்படை சட்டென்று 7 வீதம் (சதவீதம்) கூடியது. உள்ளூர்த் தொழிலாளரின் கூலி அநேகமாகப் பாதிக்கப்படவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்ட் 1990இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கூலி 10 முதல் 30 வீதம் வரை விழுந்தது என்று இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் 2017இல் மறுத்தார். எந்த வகை மக்கள் கணக்கெடுப்பில் அகப்பட்டார்கள் என்பது மாறியதே அந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று வேறு சிலர் அவரை மறுத்தார்கள். போர்ஹாஸ் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவர் வேலையை அளந்து வைத்தவர் அல்லர். புதியவர் யாருக்குப் பிரதியீடு (இடத்தைப் பிடிப்பவர்), யாருக்கு நிரப்பு (வேலைக்குத் துணையாகுபவர்) என்பதே அவர் கேள்வி. கூலி குறைகிறது என்று முறையிடும் எவரையும் 'மயக்கம்' என்று சொல்லி வாயடைக்க நம் சொல் உதவிவிடக் கூடாது.

மறுமொழி:

அம்மா, ஏற்கிறேன். என் திருப்பூர்க் காட்சியும் அயர்னிங்கும் தையலும் ஒன்றுக்கொன்று நிரப்பாக அமைந்த இடம் என்பதால்தான் அவ்வளவு பொருந்தியது. அதே ஓவர்லாக்கில் உட்கார ஒடிசாவிலிருந்து ஒருவர் வந்திருந்தால், பக்கத்து மெஷினில் இருக்கும் பெண் பீஸ் ரேட்டைப் பற்றிக் கவலைப்படுவதைப் பிழை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். மேலும், ஷ்லாஸ் தம் எழுத்தில் இதற்குக் கோட்பாடு என்றுதான் பெயரிட்டார். பெயரில் 'ஃபாலசி' பின்னால் ஒட்டியது. ஆகவே நம்பிக்கையைக் குறிக்க 'அளந்தவேலைக் கருத்து' என்றும், அதை நம்பி முடிவெடுக்கும்போது நேரும் தருக்கக் குற்றத்தைக் குறிக்க 'அளந்தவேலைப் பிழை' என்றும் இரண்டாகப் பதியலாம். 'மயக்கத்தை' விலக்கிக்கொள்கிறேன். பதிவில் சேர்க்க ஓர் எடுத்துக்காட்டு: "ஓய்வு வயதைக் குறைத்தால் இளைஞருக்கு அத்தனை இடமும் கிடைத்துவிடும் என்பது அளந்தவேலைப் பிழை." ஒற்று மிகுவதில் யாருக்கேனும் மாற்றுக்கருத்து இருந்தால் தெரிவிக்கவும்.