நான்கு வருட இடுப்பு வலி, இப்போது கால் வரை இறங்குகிறது: சீன வைத்தியம் கைகொடுக்குமா?

மழைக்குருவி:
வணக்கம் நண்பர்களே. முதலில் காலையில் எழும்போது மட்டும் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். போன வருடத்திலிருந்து இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் டிஸ்க் பிதுங்கி நரம்பில் படுகிறது என்று வந்தது, அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிசியோதெரபி செய்தவரை குறைந்தது, விட்டதும் திரும்பிவிட்டது. தாங்க முடியாத நாட்களில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடுகிறேன், வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு சீன வைத்தியரைப் பார்த்தேன். நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார், "சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது, குளிரும் ஈரமும் ஏறியிருக்கிறது" என்றார். கேட்டதும் பயந்துபோனேன், ஏனென்றால் போன மாதம்தான் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருப்பதாக வந்தது. பத்து முறை அக்குபங்சர் ஊசி, கூடவே ஒரு மாதத்துக்குக் கஷாயம் என்கிறார். நம்பிப் போகலாமா? இதயத்துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலவன்77:
எனக்கும் இதே வலிதான், வலது காலில். ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கஷாயம் நான் குடிக்கவில்லை. ஊசி மயிரிழை மாதிரி மெல்லியது, குத்தும்போது வலி பெரிதாக இல்லை, ஆனால் உள்ளே போய்த் திருகும்போது ஒரு கனம், மதமதப்பு, சில சமயம் கால் நெடுக ஓடுகிற ஓர் இழுப்பு வரும். அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இடுப்பில், பிட்டத்தின் நடுவில், முழங்கால் மடிப்புக்குப் பின்னால், வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் என்று வைத்து அரை மணி நேரம் படுக்கவிட்டார். முதல் மூன்று முறை ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஐந்தாவதுக்கு அப்புறம் இரவில் புரண்டு படுத்தால் விழிப்பு வராமல் இருந்தது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் நடக்கிறேன், தூங்குகிறேன், எனக்கு அது பெரிய விஷயம்.

வேர்த்தடம்:
நான் சீன மருத்துவம் படித்து இந்த வேலையில் இருப்பவன். தோழி, முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். வார்ஃபரினோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் இரத்தம் கசியலாம், வயிறு எரிகிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள், போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகாவிட்டாலும் வார்ஃபரின் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லி, வலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்று இந்த வாரமே கேளுங்கள். ஊசியும் கஷாயமும் அப்புறம்தான்.

"சிறுநீரகம் பலவீனம்" என்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். எங்கள் பழைய நூல்களில் இடுப்பைச் சிறுநீரகத்தின் இருப்பிடம் என்பார்கள், அங்கே சிறுநீரகம் என்றால் எலும்பு, முதுமை, உடலின் அடிப்படை வலு எல்லாம் சேர்ந்த ஒரு கருத்து. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை அந்த வைத்தியரே உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது டூஹுவோ ஜிஷெங் டாங் என்ற கஷாயம். 7-ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவோ எழுதிவைத்தது, 15 மூலிகைகள். அதில் டாங்குய் இருக்கிறது, அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். அதிமதுரமும் இருக்கிறது, அதை நாள்பட எடுத்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், இதயத்துடிப்புப் பிரச்சினை உள்ளவருக்கு அது நல்லதல்ல. ஷிஷின் என்ற செடியின் வேரும் சேரும், அந்தக் குடும்பத்துச் செடிகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது, ஒரு மூலிகைக்குப் பதில் இந்த அமிலம் உள்ள வேறொன்று கலந்துவிட்டதால். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், உங்களுக்குக் கஷாயம் வேண்டாம்.

ஊசி போட்டுக்கொள்ளலாம். வார்ஃபரின் சாப்பிடுவதையும் கடைசியாகப் பார்த்த ஐஎன்ஆர் அளவையும் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) முதல் நாளே சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் ஊசியா என்று கேளுங்கள். கப்பிங், அதாவது தோலை உறிஞ்சி இழுக்கும் கிண்ணங்கள், வைக்க வந்தால் மறுத்துவிடுங்கள், உங்களுக்குத் தோலுக்கடியில் இரத்தம் கன்றிப்போகும்.

கல்வெட்டு:
ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியோடு 1162 பேரைச் சேர்த்து நடத்திய சோதனை 2007-ல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் சரியான புள்ளியில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம், வேண்டுமென்றே வேறு இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27.4. ஊசி உதவுகிறது, ஆனால் எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. அதனால்தான் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கும், காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிகாவுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது, அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலக்கூடியவற்றில் இதையும் சேர்த்தது. டிஸ்க்கால் கால் வலி உள்ளவர்களுக்கென்றே சீனாவில் 216 பேரை வைத்து நடந்த சோதனை 2024-ல் வந்தது, நான்கு வாரத்தில் பத்து முறை. அதில் போலி ஊசியைவிட உண்மையான ஊசி நன்றாகவே வேலை செய்தது, ஒரு வருடம் கழித்தும் வித்தியாசம் இருந்தது.

ஆனால் பாதம் தொங்கினாலோ, மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ எந்த வைத்தியரிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நரம்பு மீளாமல் போகலாம்.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. மாத்திரை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். மலம் கறுப்பாக இல்லை. நாளைக்கே மருத்துவரிடம் பேசுகிறேன். ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் எத்தனை முறைக்குள் தெரியும்? பிசியோ பயிற்சியைத் திரும்பத் தொடங்கலாமா?

வேர்த்தடம்:
ஆறு முறைக்குள் தூக்கமோ, உட்காரும் நேரமோ, நடக்கும் தூரமோ எதுவுமே மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பத்தை முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்றிலிருந்தே எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று தினமும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் மாறியதா இல்லையா என்று பிறகு தெரியாது. பயிற்சியைக் கண்டிப்பாகத் தொடங்குங்கள், ஊசி போட்டு வலி கொஞ்சம் தணிந்திருக்கும் நாட்களில்தான் அதைச் செய்வது சுலபமாக இருக்கும்.