என் டொமைனை (இணையதள முகவரிப் பெயரை) வாங்க ஒருவர் வந்திருக்கிறார், மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார். நம்பலாமா?

கொங்குக்காரன்:
நண்பர்களே, நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் ஆன்லைனில் விற்கலாம் என்று 2021இல் ஒரு டாட் காம் பதிவு செய்து வைத்தேன், ‘ஜாக்கரி’யோடு இன்னொரு சாதாரண ஆங்கிலச் சொல் சேர்ந்த பெயர். கடை திறக்கவில்லை, பெயரை மட்டும் வருடா வருடம் புதுப்பித்து வருகிறேன். போன வாரம் ஒருவர் மெயிலில் 3,800 டாலர் தருகிறேன் என்றார், பேரமே இல்லை. சரி என்றதும், தன் பங்குதாரருக்குக் காட்ட மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், இலவசத் தளங்களில் எடுப்பது செல்லாது, தான் சொல்லும் தளத்தில்தான் எடுக்க வேண்டும் என்கிறார். கட்டணம் 90 டாலர், நான் கட்ட வேண்டும், விற்பனைப் பணத்தோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவாராம். கட்டலாமா?

இன்னொன்று. இதைக் கேட்ட என் மச்சான், ‘ரெண்டு கம்பெனி இணையுதுன்னு செய்தி வந்தா ரெண்டு பேரையும் ஒட்டி டொமைன் வாங்கிப் போடுவோம், அவனே தேடி வந்து லட்சக்கணக்குல கொடுப்பான்’ என்கிறான். சரிவருமா?

பழையரூட்டர்:
ஒரு பைசா கட்டாதீர்கள். டொமைன் விற்பவர்கள் மத்தியில் பல வருடமாகச் சுற்றும் ஏமாற்று இது. வாங்குபவரும் அந்தச் சான்றிதழ் தளமும் ஒரே ஆள், அல்லது கூட்டாளிகள். ‘எந்தத் தளத்தில் எடுக்கலாம்’ என்று யாரோ கேட்பது போலவும் இன்னொருவர் அந்தத் தளத்தைப் பரிந்துரைப்பது போலவும் போலியாக ஒரு கேள்வி பதில் பக்கமே தயாரித்து அந்த லிங்கையும் அனுப்புவார்கள், உங்களுக்கும் வந்திருக்கலாம், பாருங்கள். மாடு வாங்க வருகிறவர் தானே பல்லைப் பிடித்துப் பார்ப்பார், விற்கிறவரைப் பார்த்து காசு கட்டிச் சீட்டு வாங்கி வா என்று சொல்வாரா?

அவருக்கு ஒரே வரியில் பதில் போடுங்கள்: ‘எஸ்க்ரோ டாட் காமில் பரிவர்த்தனையைத் தொடங்குங்கள், அந்தக் கட்டணத்தை நான் ஏற்கிறேன்.’ அது நடுவில் நின்று பணத்தைப் பிடித்து வைக்கும் தளம், வாங்குபவர் முதலில் பணத்தை அதில் கட்டுவார், கட்டியது உறுதியான பிறகு நீங்கள் டொமைனை மாற்றிக் கொடுப்பீர்கள், கைக்கு வந்தது என்று அவர் சொன்னதும் பணம் உங்களுக்கு வரும். அதற்கு முன்னால் ஆத் கோடை (டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டை) யாருக்கும் அனுப்ப வேண்டாம். எஸ்க்ரோ பெயரில் போலித் தளங்களும் உண்டு, அவர் அனுப்பும் லிங்கைத் தொடாமல் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

விலை தெரிய வேண்டுமென்றால் நேம்பயோ தளத்தில் இதுபோன்ற பெயர்கள் முன்பு எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். கோடாடி போன்ற டொமைன் பதிவு நிறுவனங்கள் காட்டும் மதிப்பு இயந்திரக் கணிப்புதான், அந்த விலைக்கு ஆள் வருவார் என்று அர்த்தமில்லை.

மாம்பலம்_மனு:
மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மனதில் ஜியோஹாட்ஸ்டார் கதை ஓடுகிறது என்று நினைக்கிறேன். 2024 அக்டோபரில் டெல்லியைச் சேர்ந்த ஒரு டெவலப்பர் அந்த டாட் காமை வைத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜில் படிக்கும் செலவை ரிலையன்ஸ் ஏற்றால் தருகிறேன் என்று அந்தத் தளத்திலேயே எழுதிப் போட்டார். பணம் வரவில்லை, வழக்குப் போடுவோம் என்ற பேச்சுதான் வந்தது. கடைசியில் பெயர் துபாயில் இருக்கும் இரண்டு சிறுவர்கள் கைக்குப் போக, அவர்கள் இலவசமாகவே தருகிறோம் என்றார்கள்.

டாட் காம் போன்ற பெயர்த் தகராறுகளுக்கான சர்வதேச விதி யூடிஆர்பி, அதன்படி புகார் கொடுப்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் தன் டிரேட்மார்க்கைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். டிரேட்மார்க் உரிமையாளரிடமே செலவுக்கு மேல் விலை வைத்து விற்பதற்காகப் பதிவு செய்வதை அந்த விதியே கெட்ட நோக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறது. அதாவது உங்கள் மச்சான் எழுதப்போகும் ‘இவ்வளவு கொடுத்தால் தருகிறேன்’ மெயில்தான் எதிர்த்தரப்பின் முதல் சாட்சி. இந்தப் புகார்களை விசாரிக்கும் ஐ.நா. அமைப்பான வைப்போவில் ஒருவர் மட்டுமே நடுவராக இருந்தால் ஐந்து பெயர் வரைக்கும் கட்டணம் 1,500 டாலர், பெரிய கம்பெனிக்கு அது ஒரு தொகையே இல்லை. டாட் இன் என்றால் அதை நிர்வகிக்கும் நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி விதி இன்னும் கடுமை, பதிவிலோ பயன்பாட்டிலோ ஏதாவது ஒன்றில் கெட்ட நோக்கம் இருந்தாலே போதும். நம்ம சென்னை சிஃபி போட்ட வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது.

உங்கள் ஜாக்கரி அப்படி இல்லை, அது பொதுச்சொல், அதில் வம்பு வர வாய்ப்பு குறைவு.

கொங்குக்காரன்:
நன்றி அண்ணா, எஸ்க்ரோ என்று எழுதினேன், ‘சான்றிதழ் முதலில்’ என்றே திரும்ப வருகிறது, பிளாக் செய்துவிட்டேன். மச்சான் இன்னும் அடங்கவில்லை, கம்பெனி பெயர் வேண்டாம் என்றால் ஏஐ பெயர்களாக வாங்கலாம் என்கிறான். என்னுடையதை வைத்திருக்கவா, விட்டுவிடவா?

நூறுபெயர்:
நான் இதில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். நூறு பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு விற்கும், இதுதான் எங்கள் வட்டாரத்தில் சொல்லும் கணக்கு. மீதி எல்லாவற்றுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2019இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அது மைக்ரோஸ்ட்ராட்டஜி வெகுகாலம் கையில் வைத்திருந்த ஒற்றைச் சொல், நேற்று பதிவு செய்தது இல்லை. டாட் ஏஐ கதையும் அப்படித்தான், குறைந்தது இரண்டு வருடக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், நல்ல சொற்களை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அதில் உறுதியாகச் சம்பாதித்தது டாட் ஏஐயைத் தன் நாட்டுக் குறியீடாக வைத்திருக்கும் அங்குவிலா என்ற குட்டித்தீவின் அரசாங்கம், 2023இல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர். மச்சானிடம் இதையும் சொல்லுங்கள்: டாட் எக்ஸ்ஒய்இசட் மாதிரி முதல் வருடம் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பவற்றில், வாங்கும் முன் இரண்டாம் வருடக் கட்டணத்தைப் பார்க்கட்டும்.

உங்கள் பெயரை இன்னும் ஓரிரு வருடம் வைத்திருக்கலாம், டாட் காமுக்கு வருடம் ஆயிரத்துச் சொச்சம்தானே. சும்மா வைக்காமல் ‘விற்பனைக்கு’ என்று விலையோடு ஒரு பக்கம் போடுங்கள், செடோ, ஆஃப்டர்னிக் போன்ற டொமைன் விற்பனைத் தளங்களில் பட்டியலிடுங்கள். 3,800ஐ மறந்துவிடுங்கள், அது யாரும் கொடுக்க நினைத்த விலை இல்லை. வெல்லம் ஏற்றுமதி செய்பவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களுக்கு நேரடியாக ஒரு மெயில் போட்டால் வேலை நடக்கலாம். விட்டுவிடுவதாக முடிவு செய்தால் தெளிவாக முடிவு செய்யுங்கள், ஏனென்றால் காலாவதியாகி, சலுகை நாட்களும் கடந்து, 30 நாள் ரிடெம்ப்ஷனுக்குள் (மீட்புக் காலத்துக்குள்) போய்விட்டால் திரும்ப எடுக்கத் தனி அபராதம், அதற்கு முன்பே பல ரிஜிஸ்ட்ரார்கள் (பதிவு நிறுவனங்கள்) ஏலத்தில் விட்டுவிடுவார்கள்.