மலைக் கொரில்லாவைக் காப்பாற்றியது சுற்றுலாதானா?

குறிஞ்சிநிலம்:
மனிதக் குரங்குகளைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் கேட்டேன். ஒராங்குட்டான், சிம்பன்சி, போனோபோ எல்லாம் குறைந்துகொண்டே வர, மலைக் கொரில்லா மட்டும் பெருகியிருக்கிறது, காரணம் சுற்றுலா என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க 1,500 டாலர். 2017-க்கு முன்பு 750. உகாண்டாவில் ப்விண்டி, ம்காஹிங்கா காடுகள் 1991-ல் தேசியப் பூங்கா ஆனபோது, காலங்காலமாக அங்கே இருந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். நிலத்துக்கு ஆவணம் இல்லாததால் பெரும்பாலானோருக்கு இழப்பீடுகூட இல்லை. அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 'பட்வா' என்ற பெயரே வரவில்லை. குடியிருந்தவர்களைத் துரத்திவிட்டுப் பணக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதைத்தான் வெற்றி என்கிறோமா?

கம்பாலாவாசி:
நான் ஒன்பது வருஷமாக உகாண்டாவில் வேலை பார்க்கிறேன். பட்வா விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் கணக்கையும் பாருங்கள். ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையில் இருக்கிற விருங்கா மலைத்தொடரில் 1981-ல் எண்ணியபோது 254 கொரில்லாக்கள். 2016-ல் 604. ப்விண்டியில் 2018-ல் 459. இரண்டும் சேர்ந்து 1,063. எண்ணிக்கை இப்படி ஏறிவந்ததால்தான் 2018-ல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய' நிலையிலிருந்து ஒரு படி இறக்கினார்கள். உலகத்தில் எந்த மிருகக்காட்சி சாலையிலும் மலைக் கொரில்லா கிடையாது. இந்த இரண்டு காட்டுத் துண்டுகளும் போனால் அந்த இனமே போச்சு. வனக்காவலர் சம்பளமும் கண்ணி அகற்றும் ரோந்தும் பர்மிட் காசில் நடக்கின்றன. அந்தக் காசு வேண்டாம் என்றால் வேறு எங்கிருந்து வரும், சொல்லுங்கள்.

ஆலமரம்:
இதன் பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1960-களின் கடைசியில் ருவாண்டாவில் கொரில்லாக்கள் வாழ்ந்த பூங்காவிலிருந்து ஏறக்குறைய 10,000 ஹெக்டேரை வெட்டி எடுத்து, பைரித்ரம் பூச்செடி வைத்தார்கள். கொசுவத்தியில் போடுகிற மருந்து அந்தப் பூவிலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஐரோப்பிய உதவிப் பணத்தில் நடந்த திட்டம் அது. பத்து வருஷம் கழித்து, மிச்சக் காட்டிலும் ஒரு பகுதியை மாடு வளர்க்கக் கேட்டார்கள். கொரில்லாவை ஆராய வந்திருந்த பில் வெபர், ஏமி வெடர் தம்பதி அப்போதுதான் 'மாட்டைவிடக் கொரில்லா அதிக வருமானம் தரும்' என்று அரசுக்குக் காட்ட முயன்றார்கள். 1979-ல் சுற்றுலா தொடங்கியது அப்படித்தான். பட்டினியில் இருக்கிற நாட்டில், காட்டை வெறுமனே காடாக வைத்திரு என்று யார் சொல்ல முடியும்?

வெண்பனி:
நான் கால்நடை மருத்துவர். இங்கே யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லையே. நமக்கு மூக்கு ஒழுகினால் இரண்டு நாள் கஷாயம் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். அதே வைரஸ் கொரில்லாவைக் கொல்லும். 2009-ல் ருவாண்டாவில் ஒரு கூட்டத்துக்குச் சளி வந்து, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் செத்தன. மனிதர்களுக்கு வருகிற மெட்டாநியூமோ வைரஸ் அவற்றின் உடலில் இருந்தது. 7 மீட்டர் தள்ளி நில், எட்டு பேருக்கு மேல் போகாதே என்று அப்போதே விதி இருந்தது. செல்ஃபி எடுக்கிற ஆசையில் அந்த 7 மீட்டரை எத்தனை பேர் மதித்தார்கள்? கோவிட் வந்த பிறகுதான் முகக்கவசமும் 10 மீட்டர் தூரமும் எல்லா இடத்திலும் கட்டாயமாயின. அதே சமயம், மனிதரோடு பழகிய கூட்டங்களுக்குத்தான் மருத்துவம் செய்ய முடிகிறது என்பதும் நிஜம். காலில் கண்ணிக் கயிறு இறுகிய குட்டியைத் தினமும் பின்தொடர்கிறவர்தான் கவனிப்பார். விருங்காவில் நாற்பது வருஷக் கணக்கைப் பார்த்த ஆய்வு ஒன்று, அப்படிக் கண்காணித்த கூட்டங்கள் ஆண்டுக்கு 4.1 சதவீதம் பெருகின, பழகாத கூட்டங்கள் சற்றே குறைந்தன என்று சொல்கிறது. ஆனால் அது கண்காணிப்பின், சிகிச்சையின் பலன். டூரிஸ்டின் பலன் என்று எழுதிவிடாதீர்கள்.

கம்பாலாவாசி:
கண்காணிக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது, டாக்டர்? அதைத்தான் கேட்கிறேன். 2020 மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். ஜூன் மாதம் ப்விண்டியில் ரஃபிகி என்ற வெள்ளிமுதுகு ஆணை (முதுகு முடி நரைத்த முதிர்ந்த ஆண் கொரில்லா) ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். 17 பேர் கொண்ட ங்குரிங்கோ கூட்டத்தின் தலைவன் அது. வருமானம் நின்றதும் மக்கள் காட்டுக்குள் இறைச்சி தேடிப் போனார்கள்.

குறிஞ்சிநிலம்:
அண்ணா, அதே சம்பவத்தை என் பக்கம் நின்று பாருங்கள். மூன்றே மாதம் விமானம் பறக்கவில்லை, கொரில்லா செத்தது. ஒரு உயிரினத்தின் கதி விமான டிக்கெட்டில் தொங்கினால் அது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? இன்னொன்று, பிடிபட்டவர் சின்ன மிருகங்களை வேட்டையாடத்தான் போனேன், கொரில்லா பாய்ந்ததால் குத்தினேன் என்றார். அவருக்கு 11 வருஷம் சிறை. மனிதனைக் கண்டால் விலகிப் போகிற குணத்தை வருஷக்கணக்காகப் பழக்கிப் போக்கியது நாம்தானே? ருவாண்டாவில் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கொடுப்பது வருமானத்தில் 10 சதவீதம். 2017 வரை 5 சதவீதம்தான். ஆபத்தைத் தாங்குவது அந்த ஊர்க்காரர்கள், கிடைப்பது பத்தில் ஒரு பங்கு.

கம்பாலாவாசி:
ங்குரிங்கோ பக்கம் நான் போயிருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஆனாலும் இங்கேயே குடியிருப்பதால் கொஞ்சம் குறைந்த விலை, அதையும் ஒரு வருஷம் சேர்த்துத்தான் கட்டினேன். செங்குத்தான சரிவு, முழங்கை வரை காஞ்சொறி. என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த ஊர் விவசாயி. போகிற வழியில் தன் வாழைத் தோட்டத்தைக் காட்டினார். ஏழெட்டு மரம் சாய்ந்து கிடந்தது. கொரில்லா பழத்தைத் தொடுவதில்லையாம். மட்டையை உரித்து உள்ளே இருக்கிற தண்டைத்தான் தின்னும். நம் வீட்டில் பொரியல் செய்கிற அதே வாழைத்தண்டு! "கோபம் வராதா?" என்று கேட்டேன். "வரும். ஆனால் இன்று உங்களால் எனக்குக் கூலி வந்தது" என்றார். அந்தக் கூலியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

குறிஞ்சிநிலம்:
அவருக்குத் தோட்டமாவது இருக்கிறது. பட்வாவுக்கு?

கம்பாலாவாசி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ம்காஹிங்காவில் 'பட்வா பாதை' என்று ஒன்று நடத்துகிறார்கள், அதற்கும் போனேன். முன்பு அங்கே வாழ்ந்தவர்களே வழிகாட்டிகள். ஒரு பெரியவர் இரண்டு குச்சியைக் கடைந்து நெருப்பு உண்டாக்கிக் காட்டினார். கடைசியில் கராமா குகைக்குள் கூட்டிப்போனார்கள். இருட்டில் பெண்கள் பாடினார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெரியவர் எங்களோடு கேட் வரை நடந்து, எங்களைப் போலவே வெளியேறினார். அவர் பிறந்த காடு. மாலையானால் அங்கே இருக்க அவருக்கு அனுமதி இல்லை.

ஆலமரம்:
2021 ஆகஸ்டில் உகாண்டா அரசியலமைப்பு நீதிமன்றம் பட்வா தொடுத்த வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்ன பரிகாரம் என்பதை உயர் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

வெண்பனி:
அப்படியானால் பர்மிட் விலையிலேயே பட்வாவுக்கு என்று ஒரு பங்கை எழுதி வைக்கட்டும். கண்ணி தேடுகிற ரோந்து வேலையில் முதல் இடம் அவர்களுக்குக் கொடுக்கட்டும். காட்டில் எந்தத் தழை அசைந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

குறிஞ்சிநிலம்:
அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் தீர்ப்பு அமலாகும்வரை 'வெற்றிக் கதை' என்ற சொல்லை ஏற்க மாட்டேன். அந்தப் பாட்காஸ்ட்காரர்களுக்கு இன்று இரவே எழுதப் போகிறேன். கம்பாலா அண்ணா, அந்தக் குகையைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே சேர்க்கலாமா?

கம்பாலாவாசி:
தாராளமாக. வாழைத் தோட்டக்காரரையும் விட்டுவிடாதீர்கள்.