தோட்டப் பாடசாலையில் செங்கண்மாரி: யாருக்கு அறிவிப்பது?

கேள்வி – ஆசிரியை, மஸ்கெலியா

எங்கள் பாடசாலையில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் சிலர் அடுத்தடுத்துச் செங்கண்மாரி கண்டு வீட்டில் இருக்கிறார்கள். சிலருக்கு நாட்டு மருந்து நடக்கிறது, சிலரைத் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டியிருக்கிறார்கள்; வைத்தியசாலையில் தங்கியவர் எவருமில்லை. இவர்கள் அரசாங்கத்தின் நோய்க் கணக்கில் வருவார்களா? இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் பொறுத்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஹட்டன்

பொறுத்திருக்க வேண்டாம். இப்படிச் செங்கண்மாரியாக வெளிப்படக்கூடிய வைரஸ் ஈரலழற்சி (ஈரலைத் தாக்கும் கிருமி நோய்) கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் எழுந்தவுடனேயே, நோயாளியைப் பார்த்த வைத்தியர், அரச சேவையில் இருந்தாலும் தனியாராக இருந்தாலும், எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரிப்பார். வாராந்த அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். படிவம் எழுதப்படாத பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் பாடசாலை அதிபர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தொலைபேசியில் சொல்வதற்குப் படிவமே தேவையில்லை.

தோட்ட வைத்திய உதவியாளர், பொகவந்தலாவை

முகவரியில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், மலைச்சரிவெங்கும் பல டிவிசன்களாக (தோட்டப் பிரிவுகளாக) பரந்து கிடக்கும் இடத்தில் எந்த லயம் (வரிசை வீடுகள்), எந்தப் பீலி (தண்ணீர் பிடிக்கும் குழாய்) என்று பரிசோதகர் அலைய வேண்டியதுதான். இது ஏ வகை ஈரலழற்சியாக இருந்தால், கிருமி புகுந்து நோய் வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை செல்லும். ஆகவே இன்று குடிக்கும் தண்ணீரை மட்டுமன்றி, போன மாதம் எந்தப் பீலியில் குடித்தார்கள், எந்தத் திருவிழாவில் சாப்பிட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரம் முன்பே மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்குவதால், நலமாகத் தோன்றும் தம்பி தங்கைகளையும் விசாரியுங்கள்.

பொதுச் சுகாதார மாணவர், பேராதனை

தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த வெளியீட்டில், அறிக்கைகள் உரிய நேரத்தில் வந்த வீதமும் அச்சிடப்படுகிறது. அது உயர்ந்திருப்பதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். தாள் வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது, நோயாளி எல்லோரும் அதில் இருந்தார்கள் என்பதை அல்ல. நுவரெலியா மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கைக்குள் ஒரு வகுப்பின் சில பிள்ளைகள் கண்ணில் படவும் மாட்டார்கள். உங்கள் வரவுப் பதிவேட்டில்தான் அது முதலில் தெரியும். வராத முதல் நாள், வகுப்பு, டிவிசன், லயம், பீலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இன்றே அதிபரிடம் கொடுங்கள். பெயர்களைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.